எதால் வகுப்பது?

கணிதப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டிகள் முடிந்து, பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் அழியாதிருக்கும் நாட்கள் இவை. அதனாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டைக் கொண்டு கணிதம் கற்பிப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. வட்டத்தின் பரப்பளவு பற்றி எழுதியிருந்த இரு வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: தரம் 8 இற்குக் கணிதம் கற்பிக்கிறேன். இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), ஆகாரம் (ஆகக் கூடிய தடவை வரும் எண்) ஆகியவற்றைப் பாடநூலில் உள்ள எண்களை வைத்துக் கற்பித்தால் வகுப்பு தூங்கிவிடுகிறது. ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் துடுப்பாட்டப் பைத்தியம். அதனால் பத்திரிகையில் வந்த வீரர்களின் சராசரிகளைப் பலகையில் எழுதிப் போட்டுத் தொடங்கினேன். ஐந்து நிமிடம் கலகலப்பாக இருந்தது, பிறகு பழையபடிதான். எங்கே பிழை விட்டேன்?
(ஆசிரியை, மல்லாவி)

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, தொடங்கிய இடம்தான் பிழை. பத்திரிகையில் வரும் சராசரி, வேறு யாரோ கூட்டி வேறு யாரோ வகுத்து முடித்த எண். வடித்த சோற்றை இலையில் போட்டுவிட்டு உலை வைக்கப் பழக்க முடியாது. பிள்ளை செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பிடித்த வீரரின் பெயரைச் சொல்லி ஐந்து நிமிடம் சிரித்ததே பெரிய காரியம்.

இந்த விடயத்தில் நானும் ஒருமுறை தலைகுனிந்திருக்கிறேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மாணவன் ஊர்க் கழகத்துக்காக மென்பந்துப் போட்டிகளில் ஆடிய ஐந்து இன்னிங்ஸ்களின் ஓட்டங்களைப் பலகையில் எழுதினேன்: 23, 8, 41, 0, 17. இவற்றில் 41 உம் 17 உம் ஆட்டமிழக்காமல் எடுத்தவை என்று அவனே சொல்லியிருந்தான். எனக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. கூட்டுத்தொகை 89, ஐந்தால் வகுத்தால் 17.8, இதுவே இடை என்று எழுதி அடியில் கோடும் இழுத்தேன். கணித பாடத்தில் வாயே திறக்காத ஒருவன் கடைசி வாங்கிலிருந்து எழும்பி, "சேர், அவன் ரெண்டு தரம் அவுட் ஆகேல்லை. மூண்டாலதான் பிரிக்கோணும்" என்றான். புத்தகத்தில் அப்படி இல்லை, இரு என்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில்தான், அந்த வகுப்பில் அன்று கணிதம் செய்தவன் அவன் ஒருவனே என்பது எனக்கு உறைத்தது.

அவன் சொன்னது துடுப்பாட்டத்தின் விதி. அங்கே சராசரி என்பது ஓட்டங்களின் கூட்டுத்தொகையை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்துப் பெறுவது. அதன்படி 89 ஐ 3 ஆல் வகுக்க 29.67 வரும். நான் எழுதிய 17.8 உம் பிழையல்ல. ஒரு தடவை களமிறங்கினால் சராசரியாக எத்தனை ஓட்டம் எடுக்கிறான் என்று கேட்டால் 17.8, ஒரு தடவை ஆட்டமிழப்பதற்குள் எத்தனை ஓட்டம் எடுக்கிறான் என்று கேட்டால் 29.67. எண்கள் அவையே, கூட்டுத்தொகையும் அதுவே. வகுக்கும் எண் மாறியதும் கேள்வியே மாறிவிடுகிறது. என் அனுபவத்தில், இடை என்ற பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது கூட்டலாலோ வகுத்தலாலோ அல்ல. பயிற்சியில் எட்டு எண்கள் தரப்பட்டிருந்தால் எட்டால் வகுக்க வேண்டும் என்பது விரல்விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும். எதால் வகுப்பது என்று தாமே தீர்மானிக்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்ப்பதேயில்லை. விளையாட்டு தருவது அந்தச் சந்தர்ப்பத்தைத்தான்.

பிள்ளைகள் இந்தச் சண்டையைப் பிடித்து முடித்த பிறகு பெரிய வீரர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். டொனல்ட் பிரட்மன் 52 டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸ்கள் ஆடி 6996 ஓட்டங்கள் எடுத்தவர். 10 தடவை ஆட்டமிழக்கவில்லை. 1948 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் தமது கடைசி இன்னிங்ஸை ஆட அவர் இறங்கியபோது அந்த 6996 ஓட்டங்களும் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன, ஆட்டமிழந்த தடவைகள் 69, சராசரி 101.39. எரிக் ஹொலிஸின் பந்துவீச்சில், தாம் எதிர்கொண்ட இரண்டாவது பந்திலேயே ஓட்டமெதுவும் இன்றி ஆட்டமிழந்தார். மேலே உள்ள எண் அசையவில்லை, கீழே உள்ள எண் மட்டும் 70 ஆயிற்று, சராசரி 99.94 இல் நின்றுவிட்டது. அந்த இன்னிங்ஸில் அவர் x ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்திருந்தால் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும் என்று வைத்து x ஐக் காணச் சொல்லுங்கள். 4 என்ற விடை வந்ததும் வகுப்பு ஒருமுறை மூச்சை இழுத்துவிடும். எளிய சமன்பாடு ஒன்றுக்கு அப்படியொரு மரியாதையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

நம் நாட்டு வீரர் ஒருவரும் இருக்கட்டும். குமார் சங்கக்கார 134 டெஸ்ட் போட்டிகளில் 233 இன்னிங்ஸ்கள் ஆடி 12400 ஓட்டங்கள் எடுத்தார். 17 தடவை ஆட்டமிழக்கவில்லை. 233 ஆல் வகுத்தால் 53.22, 216 ஆல் வகுத்தால் 57.407 என்று தொடரும். இரண்டாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் 57.41 வரவேண்டும், பதிவேடுகளிலோ 57.40 என்று காண்பீர்கள். மட்டந்தட்டாமல் மிகுதியை வெட்டிவிடும் வழக்கம் அது. ஏன் ஒன்று குறைகிறது என்று பிள்ளைகளையே தேடவிடுங்கள். மட்டந்தட்டலுக்குத் தனியாக ஒரு பாடவேளை மிச்சப்படும்.

இனிச் செய்முறை. வகுப்பை மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒரு ரெனிஸ் பந்தும் ஒரு மட்டையும் கொடுத்து, ஒவ்வொருவரும் ஆறு பந்துகள் ஆட, மற்றவர் கொப்பியில் பதியட்டும். ஆட்டமிழந்தாலும் ஆறு பந்துகளையும் ஆடலாம் என்று விடுங்கள். அப்போதுதான் ஒருவர் இரண்டு தடவை ஆட்டமிழப்பதும், ஒருவர் ஒரு தடவைகூட ஆட்டமிழக்காமல் விடுவதும் நிகழும். ஆட்டமிழக்காதவரின் சராசரி என்ன என்று கேளுங்கள். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நீங்கள் நூறு தடவை சொல்லியும் ஏறாதது, அன்று ஒரு பிள்ளையின் வாயிலிருந்தே வரும். வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு இடையம், ஆகாரம், வீச்சு (ஆகப் பெரிய எண்ணுக்கும் ஆகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாவற்றையும் அதே கொப்பியிலிருந்து எடுங்கள். தரவு தம்முடையது என்றால் பிள்ளைகள் அதைக் கவனமாகத்தான் கையாள்வார்கள். அதிலும், தன் ஓட்டத்தை அடுத்தவன் குறைத்து எழுதிவிட்டானா என்று பார்க்கும் கவனம் இருக்கிறதே, அதைப் பாடநூல் எண்களுக்கு எந்த ஆசிரியராலும் வாங்கிக் கொடுக்க முடியாது.

கேள்வி: நான் தரம் 7 படிக்கிறேன். எங்கள் அணி 9.3 ஓவர்களில் 78 ஓட்டங்கள் எடுத்தது. ஓட்ட வேகம் என்ன என்று பார்க்க நான் கணிகருவியில் 78 ஐ 9.3 ஆல் வகுத்தேன், 8.39 வந்தது. புள்ளி பதிந்த அண்ணா 8.21 என்று எழுதியிருக்கிறார். கணிகருவி பிழை விடுமா?
(மாணவன், விசுவமடு)

பதில்: தம்பி, கணிகருவி நீ கேட்டதற்குச் சரியான விடையைத்தான் சொல்லியிருக்கிறது, நீ கேட்டதுதான் வேறு. 9.3 ஓவர் என்று எழுதும்போது நடுவில் இருப்பது தசமப் புள்ளி அல்ல. ஒன்பது ஓவர்களும் மூன்று பந்துகளும் என்பதை அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். ஒரு ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதால் மூன்று பந்துகள் அரை ஓவர், அதாவது 0.5. ஆகவே நீ 9.5 ஆல் வகுத்திருக்க வேண்டும். இன்னும் பாதுகாப்பான வழி, எல்லாவற்றையும் பந்துகளாக மாற்றுவது: 9 × 6 + 3 = 57 பந்துகள்; 78 ஐ 57 ஆல் வகுத்து 6 ஆல் பெருக்கினால் 8.21. அண்ணா சரி.

இது உனக்குப் புதிதல்ல. பஸ் ஒன்றரை மணிக்கு வரும் என்பதை 1.30 என்று எழுதுகிறோம். அதை யாரும் ஒன்று தசம் மூன்று மணி என்று எடுப்பதில்லை. மணிக்கு அறுபது நிமிடம் போல ஓவருக்கு ஆறு பந்து. அதனால்தான் 9.5 ஓவருக்கு அடுத்த பந்து 9.6 ஆகாமல் 10 ஆகிவிடுகிறது. ஒரு பந்துவீச்சாளர் முதலில் 3.4 ஓவர்களும் பிறகு 2.5 ஓவர்களும் வீசினால் மொத்தம் 5.9 ஓவர்கள் அல்ல. 22 பந்துகளும் 17 பந்துகளும் சேர்ந்து 39 பந்துகள், அதாவது 6.3 ஓவர்கள்.

பெரிய போட்டி ஒன்றில் செய்து பார். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுகளை இழந்து 241 ஓட்டங்கள் எடுக்க, இலங்கை 46.2 ஓவர்களில் 3 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 245 ஓட்டங்கள் எடுத்து வென்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. உன் முறையில் வகுத்தால் 5.30; சரியான முறையில் 278 பந்துகளுக்கு 5.29. இங்கே வித்தியாசம் சிறியது, உன் போட்டியில் பெரியது. ஏன் என்று யோசித்து எழுது. மிகப் பெரிய வித்தியாசம் வருவது எந்தப் பந்தில் என்றும் சொல்.

இன்னொன்று. தொடர்களில் நிகர ஓட்ட வேகம் கணிக்கும்போது, ஓர் அணி எல்லா விக்கெட்டுகளையும் இழந்துவிட்டால், அது ஆடிய ஓவர்களால் வகுப்பதில்லை; அதற்கு ஒதுக்கப்பட்ட முழு ஓவர்களாலும் வகுப்பார்கள். 10 ஓவர் போட்டியில் 7.2 ஓவர்களில் 52 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணியின் வேகம் 7.09 அல்ல, 5.2 தான். ஆட்டமிழந்த அணிக்கு அவசரமாக ஆடியதற்கான பரிசு கிடைக்கக் கூடாது அல்லவா?

கேள்வி: எங்களுடையது பெண்கள் பாடசாலை. துடுப்பாட்டம் என்றாலே எங்கள் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். விளையாட்டுப் புள்ளிவிபரம் என்றால் துடுப்பாட்டம் மட்டும்தானா?
(கணித ஆசிரியை, முல்லைத்தீவு)

பதில்: இல்லை. உண்மையில், கனிஷ்ட இடைநிலைப் பிள்ளைகளுக்குத் துடுப்பாட்டத்தைவிட மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளே பொருத்தமானவை என்பது என் கருத்து. துடுப்பாட்டத்தின் விதிகள் தெரியாத பிள்ளை பாடத்துக்கு வெளியே நின்றுவிடும். ஓடுவதையும் பாய்வதையும் விளக்க வேண்டியதில்லை.

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுசந்திகா ஜயசிங்கவின் நேரம் 22.28 செக்கன், அவருக்கு முன்னால் முடித்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27 செக்கன். அன்று முதலிடம் பெற்றவரின் பதக்கம் ஊக்கமருந்துக் காரணத்தால் பின்னர் பறிக்கப்பட்டதால் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. அந்த 0.01 செக்கன் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். 200 ஐ 22.28 ஆல் வகுத்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 8.98 மீற்றர், அதன் நூறில் ஒரு பங்கு 9 சென்ரிமீற்றர். இறுதிக் கோட்டில் வேகம் சற்று வேறாக இருந்திருக்கலாம், ஆனாலும் அளவு அதுதான். அடிமட்டத்தை மேசையில் வைத்து 9 சென்ரிமீற்றரைக் காட்டுங்கள். உள்ளங்கை அகலம். இரண்டாம் தசமதானம் எதற்கு என்று அதன் பிறகு ஒரு பிள்ளையும் கேட்காது.

பிறகு மைதானத்துக்குப் போய், ஒரே ஓட்டப் பிள்ளைக்கு மூன்று பேர் நிறுத்தற் கடிகாரம் பிடிக்கட்டும். கைத்தொலைபேசியில் உள்ளதே போதும். மூன்று பேருக்கும் மூன்று நேரம் வரும். 14.2, 14.4, 15.6 என்று வந்தால் எதை எழுதுவது? இடையை எடுத்தால் 14.7, இது கடிகாரத்தை அமுக்கப் பிந்திய பிள்ளையின் தவறை ஓடியவர் தலையில் கட்டுகிறது. கையால் நேரம் எடுக்கும் போட்டிகளுக்கான விதி என்னவென்றால், மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அந்த நேரம், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரம். ஆக விதிப்படி 14.4. இடையத்தைப் பாடநூலில் வரைவிலக்கணமாகப் படித்த பிள்ளைக்கு, அதை உலகம் ஏன் பயன்படுத்துகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. கடிகாரம் இரண்டு மட்டுமே இருந்து நேரங்கள் வேறுபட்டால் கூடிய நேரத்தை எடுக்க வேண்டும் என்பதும் விதி. அது ஏன் என்பதை விவாதத்துக்கு விடுங்கள்.

நீளம் பாய்தலில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் இருந்தது ஒரே ஒரு துணி அளவுநாடா. அதன் முதல் சில சென்ரிமீற்றர்கள் எண் தெரியாமல் நைந்து போயிருந்தன. அதனால் 10 என்ற குறியைப் பாய்பலகையின் விளிம்பில் பிடித்து அளந்து, வந்த அளவில் 10 ஐக் கழிக்குமாறு சொன்னேன். ஏழு பிள்ளைகள் பாய்ந்தார்கள். பதிவு செய்த குழுக்கள் இரண்டு. ஒரு குழு கழித்தது, மற்றது மறந்துவிட்டது. கழித்த குழுவின் எண்கள் சென்ரிமீற்றரில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 268, 275, 281, 290, 302, 311, 366. இடை 299, இடையம் 290, வீச்சு 98. மறந்த குழுவுக்கு இடை 309, இடையம் 300. வீச்சு மட்டும் அதே 98. பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள், பிறகு வீச்சு ஏன் மாறவில்லை என்று திகைத்தார்கள். ஒவ்வோர் எண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் இடையும் இடையமும் அவ்வளவால் நகரும், வீச்சு நகராது என்பதை நான் பலகையில் எழுதவில்லை. கிழிந்த நாடா கற்றுக்கொடுத்தது. 366 பாய்ந்த பிள்ளை ஒருத்தி இடையை எப்படி மேலே இழுத்துவிட்டாள் என்பதையும் அதே தரவில் பார்த்தோம்: அவளை விட்டுவிட்டுக் கணித்தால் இடை 288 இற்குச் சற்றுக் குறைவு.

எதால் வகுப்பது என்ற கேள்வி இங்கும் வரும். மூன்று பாய்ச்சல்களில் நடுவில் உள்ளது முறையற்றதாகி, மற்ற இரண்டும் 3.42 மீற்றரும் 3.18 மீற்றரும் என்றால், அந்தப் பிள்ளையின் இடை எவ்வளவு? முறையற்ற பாய்ச்சலைப் பூச்சியம் என்று எடுத்து மூன்றால் வகுத்தால் 2.20, விட்டுவிட்டு இரண்டால் வகுத்தால் 3.30. அவள் ஒருபோதும் 2.20 பாயவில்லை. ஆனால் கோட்டை மிதித்ததும் அவள்தான். போட்டி விதி இந்த வில்லங்கத்துக்குள் போகாமல், ஆகச் சிறந்த பாய்ச்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மூன்று இல்லங்கள். பிள்ளைகளின் இடப்பெயர்வும் புதிய சேர்வும் காரணமாக இல்லங்களின் எண்ணிக்கை சமமாக இல்லை. சிறிய இல்லம் ஒவ்வோர் ஆண்டும் கடைசி. இது நியாயமா என்பதை மாணவர்களைக் கொண்டே கணிக்க வைக்கலாமா?
(விளையாட்டுப் பொறுப்பாசிரியர், ஒட்டுசுட்டான்)

பதில்: வைக்கலாம், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் விடைதான் வரும் என்று நம்பிவிடாதீர்கள். விளக்கத்துக்காக நான் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். வள்ளுவர் இல்லத்தில் 64 பிள்ளைகள், 412 புள்ளிகள். இளங்கோ இல்லத்தில் 60 பிள்ளைகள், 398 புள்ளிகள். கம்பர் இல்லத்தில் 41 பிள்ளைகள், 330 புள்ளிகள். மொத்தப் புள்ளிகளில் வள்ளுவர் முதலிடம்.

நம் பிள்ளைகளுக்கு அடுத்த படியை விளக்கவே தேவையில்லை. ஐந்து ஏக்கர் விதைத்து 120 மூடை கண்டவரும் இரண்டு ஏக்கர் விதைத்து 56 மூடை கண்டவரும் அருவி வெட்டு முடிந்து சந்தித்தால், யாருக்கு விளைச்சல் நல்லது என்பதை ஏக்கருக்கு எத்தனை மூடை என்றுதான் பேசுவார்கள். ஒருவருக்கு 24, மற்றவருக்கு 28. அதுபோல் பிள்ளை ஒருவருக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால் வள்ளுவர் 6.44, இளங்கோ 6.63, கம்பர் 8.05. கடைசியில் நின்ற கம்பர் முதலிடம்.

இங்கே நிறுத்திவிட்டால் சிறிய இல்லத்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் கணிதம் அரைவாசியில் நின்றுவிடும். வயலில் ஏக்கர் கூடினால் விளையக் கூடியதும் கூடும். போட்டியிலோ, ஒரு நிகழ்ச்சிக்கு இல்லத்துக்கு இருவர்தான் என்று விதி இருந்தால், அறுபது பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஓடப் போவது இருவரே. பெறக்கூடிய புள்ளிகளுக்கு உச்ச வரம்பு இருக்கையில் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால், சிறிய இல்லத்துக்கு வேண்டாத சலுகை கிடைத்துவிடும். ஆகவே மூன்றாவது வகுக்கும் எண்ணையும் பாருங்கள்: எத்தனை பங்குபற்றல்கள்? ஒரு பிள்ளை மூன்று நிகழ்ச்சிகளில் பங்குபற்றினால் அது மூன்று. வள்ளுவருக்கு 52, இளங்கோவுக்கு 50, கம்பருக்கு 44 என்று கொண்டால், ஒரு பங்குபற்றலுக்கு முறையே 7.92, 7.96, 7.50 புள்ளிகள். இப்போது இளங்கோ முதலிடம்.

ஒரே போட்டி, மூன்று வகுத்தல், மூன்று வெற்றியாளர்கள். எது நியாயம் என்று என்னைக் கேட்டால், பெரிய இல்லத்துக்கு உள்ள உண்மையான வசதி, நல்ல இருவரைத் தெரிவு செய்வதற்குக் கூடுதலான பிள்ளைகள் இருப்பதுதான். அதை எந்த வகுத்தலும் முழுமையாக ஈடுசெய்யாது. அடுத்த ஆண்டு இல்லங்களைச் சமப்படுத்துவதே சரியான வழி. ஆனால் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவைப் போட்டிக்கு முன்னரே எழுதி ஒட்டிவிடுங்கள். முடிவு தெரிந்த பிறகு வகுக்கும் எண்ணைத் தேடப் புறப்பட்டால், அது கணித பாடமாக இராது, கைகலப்பாகிவிடும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் இணைய வசதி குறைவு. புள்ளிவிபரங்களுக்கு எங்கே போவது? பிள்ளைகள் ஆடுவதும் உதைபந்தாட்டம்தான்.
(ஆசிரியர், துணுக்காய்)

பதில்: ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டி ஒன்று போதும். எட்டுக் கழகங்கள் மோதும் போட்டியின் முடிவுகளைப் பிள்ளைகள் ஒரு வெள்ளைத்தாளில் அட்டவணையாக்கட்டும். போட்ட கோல்களில் இருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது கோல் வித்தியாசம். 7 போட்டு 11 வாங்கிய கழகத்துக்கு −4. திசைகொண்ட எண்களுக்கு வெப்பநிலையை உதாரணம் காட்டும் பாடநூல்களை நான் குறைசொல்லவில்லை, ஆனால் வன்னியில் பூச்சியத்துக்குக் கீழே வெப்பநிலை போனதை யார் கண்டார்? கோல் வித்தியாசம் மறையில் போவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அட்டவணையில் உள்ள எல்லாக் கழகங்களின் கோல் வித்தியாசங்களையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும், ஏனெனில் ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் வாங்கிய கோல். வராவிட்டால் எங்கேயோ பிழை, பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதையும் விடாதீர்கள். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் 1994 ஆம் ஆண்டிலிருந்துதான் வெற்றிக்கு 3 புள்ளிகள். அதற்கு முன் 2. சமநிலைக்கு எப்போதும் 1. மூன்று வெற்றியும் மூன்று தோல்வியும் கண்ட அணிக்குப் பழைய முறையில் 6, புதிய முறையில் 9. ஒரு வெற்றியும் ஐந்து சமநிலையும் கண்ட அணிக்குப் பழைய முறையில் 7, புதிய முறையில் 8. யார் மேலே என்பது தலைகீழாகிறது. வெல்ல முயலாமல் சமநிலைக்கு ஆடும் அணிகளுக்கு எதிராகச் செய்த மாற்றம் இது.

கேள்வி: என் மகனின் கணிதக் கொப்பி முழுக்க ஓட்டங்களும் கோல்களும். தவணைப் பரீட்சைக்கு இவை வருமா?
(தந்தை, புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயா, கோல் வராது, இடையும் சதவீதமும் திசைகொண்ட எண்ணும் வரும். பாடநூல் பயிற்சிகளையும் அவன் செய்திருக்கிறானா என்று பாருங்கள். செய்யாவிட்டால் ஆசிரியருடன் பேசுங்கள், ஏனென்றால் மைதானம் பயிற்சிக்குப் பதிலாகாது. செய்திருந்தால் கொப்பியை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற இதழில், ஓர் அணி முதற்போட்டியில் 10 ஓவர்களில் ஓவருக்கு 6 வீதமும், இரண்டாம் போட்டியில் 5 ஓவர்களில் ஓவருக்கு 9 வீதமும் எடுத்தால், இரு போட்டிகளிலும் சேர்த்து அதன் ஓட்ட வேகம் 7.5 என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வகுப்புக்கு 7 தான் வருகிறது.
(தரம் 9 மாணவிகள், நெடுங்கேணி)

பதில்: பிள்ளைகளே, உங்களுக்கு வந்ததுதான் சரி. 60 ஓட்டங்களும் 45 ஓட்டங்களும் 105, ஓவர்கள் 15, விடை 7. இரண்டு வேகங்களையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டேன். சென்ற இதழை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த 7.5 ஐப் பேனாவால் வெட்டிவிடுங்கள்.